நிலைக்கல்

செமராங் நகரத்தின் வடக்கு ஓரம்.
மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால்
முழங்கால் உயரத்தில் ஒரு கல்,
தலையில் பித்தளைக் குமிழ்.
கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை என்று
யாரோ எப்போதோ அளந்து நட்டது.
எங்கள் அலுவலகத்தின் எண்கள் அத்தனையும்
அங்கிருந்துதான் கிளம்பின.

ஒன்பது வருடம் அளந்தேன்.
தெரு: மாற்றமில்லை.
பள்ளிக்கூட வாசற்படி: மாற்றமில்லை.
மாற்றமில்லை என்று எழுதிய தாளின் ஓரம்
நனைந்து
மை ஊதாவாகப் பரவியிருந்தது.
அப்படியே கோப்பில் சேர்த்தேன்.

பிறகு வானத்திலிருந்து அளந்தவர்கள் சொன்னார்கள்:
கல்லும் இறங்குகிறது.

தெருவும் கல்லும்
ஒரே வேகத்தில் இறங்கினால்
நடுவில் தூரம் எப்படி மாறும்?
மூழ்கும் படகில் இருவர் உட்கார்ந்து
நீ என்னைவிடத் தாழவில்லை, நானும்தான் என்று
ஒருவரையொருவர் பார்த்துத் திருப்திப்பட்ட மாதிரி
நானும் அந்தக் கல்லும்.

கஸியாத்தி என்னிடம் எண் கேட்டதேயில்லை.
அவள் வீட்டுத் தரையை மூன்று முறை உயர்த்தினாள்.
கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.
மின்விசிறியைக் கழற்றி விற்றாயிற்று,
மாட்டியிருந்தால் தலை போகும்.
ஜன்னல் இப்போது கணுக்காலில் தொடங்குகிறது.
புருஷன் ஜுமாதி குனிந்து நுழைகிறான்,
குனிந்தே சாப்பிடுகிறான்.
"பெரியவன் இந்த வருடம்
வளராமல் இருந்தால் தேவலை" என்றாள்.
சிரித்தாள். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

மாடி அறையில் வரைபடம் விரித்தோம்.
நீலம், தடுப்புச்சுவர்.
மஞ்சள், பம்பு நிலையம்.
பச்சை, அலையாத்தி நட வேண்டிய இடம்.
வெள்ளை விட்ட இடத்துக்கு
"வேறு ஏற்பாடு" என்று பெயர்.
கஸியாத்தியின் தெரு வெள்ளையில் இருந்தது.

தலைக்குமேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
அப்படிச் சொன்னவர்
சுவர் கட்ட நிதி கேட்டு எழுதியிருக்க மாட்டார்.
எங்களுக்குச் சாண் என்றால் ஒரு தொகை,
முழம் என்றால் இன்னொரு தொகை.
இரண்டுக்கும் இடையில்
நானூற்றுப் பதினேழு வீடுகள், ஒரு தொழுகைக்கூடம்,
ஒரு கல்லறைத் தோட்டம்.
இறந்தவர்களை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று
ஹர்ஸோயோ கேட்டார்.
"இடம்பெயர்வோர்" என்றார் கணக்காளர்,
கொஞ்சம் யோசித்துவிட்டு.

பதினோராவது அம்சம்:
ஆழ்துளைக் கிணறுகளை மூடுதல்.
அடியில் உள்ள தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சத்தான்
மேலே மண் அமுங்குகிறது;
கடல் பாதிதான் குற்றவாளி.
அதைப் படிக்கும்போது
கட்டடத்தின் பின்பக்கம்
எங்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
நாலு மணிக்கு எப்போதும் போடுவார்கள்.
முதலில் நம்முடையதை மூடலாம் என்றேன்.
குறித்துக்கொள்ளப்பட்டது.
கை கழுவிவிட்டுத் தேநீர் குடித்தோம்.

புதுக் குறியை இந்த முறை
கெட்டிமண் வரை இறக்கினோம்,
இரும்புக் குழாய், உள்ளே கம்பி.
அது அசையாது.
பழைய கல்லை ரத்து செய்து கடிதம் வந்தது.
பிடுங்கப் போனபோது
அதில் கஸியாத்தியின் படகு கட்டியிருந்தது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்,
பிடுங்கியதாக எழுதினேன்.

இரண்டாம் வருடம் அளக்கப் போனேன்.
குழாயைச் சுற்றி மண் இறங்கி
நாலு விரல் இரும்பு
புதிதாக வெளியே தெரிந்தது,
துரு ஏறாமல், பளபளவென்று.

"எங்கள் தெருவில் நீங்கள் நட்டதில்
இது ஒன்றுதான் வளர்கிறது" என்றாள் கஸியாத்தி.

அது வளரவில்லை என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
தண்ணீர் ஏறும் நேரம்.
அவள் குனிந்து
பழைய கல்லிலிருந்து படகை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.